மூன்று கலை

மாலிந்திக்கு வடக்கே, உப்பளம் முடிந்து
அலையாத்திக் காடு தொடங்கும் இடத்தில்
வெள்ளைத் தட்டொன்று வானத்தை ஏந்தி நிற்கிறது.
இரவுப் பணி உமாசிக்கு.
தலைக்குமேல் பதினோரு நிமிடம் கடந்துபோகும்
ஒரு பெட்டிக்காகத்தான் இத்தனையும்:
மூன்று திரை, டீசல் எந்திரம்,
வாசலில் டார்ச்சோடு கரிசா.

அந்தப் பெட்டியின் கண்ணுக்கு வில்லை கிடையாது.
காமாக் கதிர் எந்த வில்லைக்கும் வளையாது,
கண்ணாடியைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளாது.
ஆகவே ஈயம்.
சதுரம் சதுரமாய் ஆயிரமாயிரம் ஈயத் துண்டு,
இடைவெளி விட்டும் விடாமலும்
கண்டபடி ஒட்டிய கூரை;
எந்த இரு மூலையும் ஒன்றுபோல் இராது.
எங்கோ ஒரு விண்மீன் வெடித்து
அதன் கதிர் கூரைமேல் பட்டால்
கீழே உணரிகளின்மேல் ஒரு நிழல் விழும்.
நிழல் எவ்வளவு தள்ளி விழுந்ததென்று பார்த்து
வந்த திசையைச் சொல்லிவிடும் பெட்டி,
ஒளி பட்ட இடத்தையும்
படாத இடத்தையும் சேர்த்து எண்ணி.

உமாசிக்கு இது பிடிபட்டது சந்தையில்.
கீற்றுப் பந்தலின் அடியில் நின்று
மாங்காய்க்குக் கொடுக்கவேண்டிய சில்லறையை மறந்து
புறங்கையில் விழுந்த வெயில் பொட்டுகளை
இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.
கடைக்காரி இருமுறை கூப்பிட்டாள்.

சென்ற வியாழன் இரவு.
பிரேசிலுக்குக் கிழக்கே, கடலுக்கு மேலே
துகள்கள் மழையாய்க் கொட்டும் ஒரு வட்டகை உண்டு.
அங்கே கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.
மூடித் திறந்த நான்காம் விநாடி
எண்ணிக்கை எகிறியது;
எகிறி, ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது.
தலை போய்விட்டது. வால்தான் மிச்சம்.
எப்போது தொடங்கியதென்று
இனி யாரும் சொல்லப்போவதில்லை.

பெட்டி யாரையும் கேட்கவில்லை.
நிழலை அளந்தது, உடலைத் திருப்பியது,
எழுபது விநாடியில் அத்திசை நோக்கி நின்றது.
உமாசியின் கைப்பேசி அதிர்ந்தது
('பட்டியலில் என் எண்ணையும் சேருங்கள்' என்று
மெராத்தேயிலிருக்கும் ஒர்னெல்லாவிடம்
மூன்று கடிதம் எழுதி வாங்கிய உரிமை).
இரண்டு எண்கள் வானில் ஓர் இடத்துக்கு.
பிழை: மூன்று கலை.
கை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால்
அது மறைக்கும் அகலத்தில்
இருபதில் ஒரு பங்கு.

லா பால்மாவில் முகில்.
சதர்லாந்தில் காற்று, கூரை திறக்க விடவில்லை.
சிலேயில் சூரியன் இன்னும் இறங்கவில்லை.
பூமியில் அதைப் பார்க்க ஆளில்லை.
பெட்டி மட்டும் பார்த்துக்கொண்டே வந்தது,
மங்கும் ஒரு புள்ளியை,
கண்ட அத்தனையும் மடியில் கட்டிக்கொண்டு
காங்கோவைக் கடந்து, ஏரியைக் கடந்து.

ஆறாம் நிமிடம் மின்சாரம் போனது.
திரை கறுத்தது. தட்டு நின்றது.
உமாசி கத்தியது கிரியாமா மொழியில்;
என்ன சொன்னாள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.
கரிசா எந்திரத்தை உதைத்தான், உதைத்தான்,
மூன்றாம் உதையில் அது இருமி எழுந்தது.
எட்டாம் நிமிடம் தட்டு மறுபடி பெட்டியைப் பிடித்தது,
'விட்ட இடத்திலிருந்து' என்று கட்டளை தட்டினாள்.
வந்தது. கடைசித் துணுக்கும் வந்து சேர்ந்தபோது
பெட்டி அடிவானத்தில் கால் வைத்திருந்தது.

ஒர்னெல்லாவின் பதில் விடியுமுன் வந்தது:
'புள்ளி இருக்கிறது. நான்கு விகலைக்குள் இடம் தெரிகிறது.
நிறமாலை யாருக்கும் கிடைக்கவில்லை,
அதனால் தொலைவு தெரியாது.
நன்றி. தூங்கு.'

அவள் தூங்கவில்லை. வெளியே வந்து
கடலின் பக்கம் சுண்டுவிரலை உயர்த்தினாள்.
கரிசா டார்ச்சை அணைத்துவிட்டுக் கேட்டான்:
'எங்கே?'
'அதோ.'
'அது கஹிந்தியின் படகு விளக்கு.'
'அதற்கு மேலே.'
'எவ்வளவு மேலே?'

எந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
டீசல் வீணாகிறதே என்று
இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது.